“மாஸ்டர், ஜட்ஜ்மென்ட் வரல”: பிசகு எங்கே என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

18 வருடமாக டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இடது பக்க சீட்டு என்னுடையது. என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நான் மிதித்த பிறகு, ஓட்டுகிறவர் வாயிலிருந்து பெரும்பாலும் வருவது ஒரே வாக்கியம்: “ஜட்ஜ்மென்ட் வரல மாஸ்டர்.” எதிரில் இருப்பது எவ்வளவு தூரத்தில் என்று கணிக்க வரவில்லை என்று அர்த்தம். வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போவது மாதிரிதான் இதுவும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எப்போதிலிருந்து என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். கேட்காமலே சிலர் கண்ணாடிக் கடைக்கு ஓடுகிறார்கள். சிலர் ‘நமக்கு இது வராது’ என்று சாவியை ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். இரண்டும் அவசரம்.

எனக்கே ஒரு கதை உண்டு. என் இடது கண் சோம்பல் கண், அதாவது சின்ன வயதிலிருந்தே மூளை சரியாகப் பயன்படுத்தாமல் பார்வை குறைந்துபோன கண். சின்ன வயதில் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. 31 வயதில் பவர் பார்க்கப் போன இடத்தில், ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பெரிய ஈ ஒன்றின் படத்தை நீட்டி, “இறக்கையைப் பிடிங்க சார்” என்றார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறவருக்கு இறக்கை தாளை விட்டு எழும்பி நிற்கும். விரல் அந்தரத்தில் கிள்ளும். நான் தாளைத் தடவிக்கொண்டிருந்தேன். அதற்குள் எட்டு வருடம் வண்டி ஓட்டியிருந்தேன், பெரிய கீறல் எதுவும் இல்லாமல். அன்றைக்குத்தான் இந்த ‘ஜட்ஜ்மென்ட்’ என்கிற சாமானைப் பிரித்துப் பார்க்க ஆசை வந்தது.

முதலில், மேலே படிக்கக் கூடாதவர்கள்

நேற்று வரை சரியாக இருந்து இன்று திடீரென்று தூரம் குழம்பினால் இது டிரைவிங் பிரச்சினை இல்லை. ஒன்று இரண்டாகத் தெரிவது, ஒரு கண்ணில் ஓரத்திலிருந்து திரை இறங்கினாற்போல் இருட்டு, பூச்சி பறப்பதோடு மின்னல் வெட்டுவது என்றால் அன்றைக்கே கண் டாக்டர். கூடவே வாய் கோணல், கை மரத்துப்போதல், பேச்சுக் குழறல் இருந்தால் 108. எதுவாக இருந்தாலும் நீங்கள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கிட்டத்திலா, எட்டத்திலா?

நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். காரணம் இருக்கிறது. நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறு செ.மீ. சொச்சம் இடைவெளி. அதனால் இரண்டும் பார்க்கிற படம் லேசாக வேறுபடும்; அந்த வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைக் கணக்குப் போடுகிறது. சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1838-ல் இரண்டு கண்ணாடிகளை வைத்து இதைச் செய்து காட்டினார். ஆனால் இந்தக் கணக்கு தூரத்தில் சீக்கிரம் படுத்துவிடும். தூரம் பத்து மடங்கானால் பிசகு நூறு மடங்காகும். கைக்கெட்டிய தம்ளரில் துல்லியம். 5 மீட்டரில் நன்றாக வேலை செய்யும். 50 மீட்டரில் அதை நம்பி எதுவும் செய்ய முடியாது.

அப்படியென்றால் ரோட்டில் எதை வைத்து ஓட்டுகிறோம்? லாரி எவ்வளவு பெரிது என்று நமக்கு முன்பே தெரியும். சின்னதாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது. பஸ் பைக்கை மறைத்தால் பஸ் முன்னால் நிற்கிறது. ரோட்டின் இரண்டு ஓரமும் எட்டப் போகப்போகக் குறுகும். ஓடும்போது பக்கத்துப் புளியமரம் விர்ரென்று பின்னால் போகும், தூரத்து மலை கூடவே வரும். இவை எல்லாவற்றுக்கும் ஒரு கண் போதும். ஆகவே கிட்டத்தில் மட்டும் பிசகினால் ஒரு வழி, எட்டத்தில் மட்டும் பிசகினால் வேறு வழி.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை. எதிரில் ஒருவரை உட்காரவைத்து, ஒரு பென்சிலை முனை மேலே இருக்கும்படி நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையிலுள்ள பென்சிலை மேலிருந்து இறக்கி முனையோடு முனை சேருங்கள். பக்கத்திலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது. இரண்டு கண்ணாலும் ஐந்து முறை, பிறகு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஐந்து முறை. பொத்தியதும் பிசகு கூடினால் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று ஓரளவு நம்பலாம். இரண்டு கண்ணைத் திறந்திருந்தும் பொத்தியபோது மாதிரியே தவறினால், ஒரு முறை கண் பரிசோதகரிடம் அந்த ஈ படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

“சிக்னல்ல முன்வண்டிய இடிச்சிருவேன்னு பயமா இருக்கு”

புதிதாக ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான். இதில் கண்ணைக் குறை சொல்ல எதுவும் இருக்காது. இடிக்கப்போகிற இடத்தை நீங்கள் பார்க்கவே இல்லை, பானட் மறைக்கிறது. காருக்கு முன்னால் சில மீட்டர் தரை உங்கள் கண்ணுக்கு எட்டாது. சீட்டைத் தாழ்த்தி, சாய்த்து, சினிமா பார்க்கிற மாதிரி உட்கார்ந்தால் இன்னும் கூடும்.

முதலில் சீட்டை உயர்த்துங்கள். உயரம் மாற்ற வசதியில்லாத பழைய வண்டி என்றால் கெட்டியான ஒரு குஷன் போடுங்கள். பஞ்சு மெத்தை வேண்டாம், வளைவில் ஆட்டம் காட்டும். பிறகு ஒரு காலி மைதானத்தில், இடுப்புயர டப்பா ஒன்றை பம்பருக்கு நேரே ஓர் அடி தள்ளி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்காருங்கள். அந்த டப்பா விண்ட்ஷீல்டில் எந்த இடத்தில் தெரிகிறது, வைப்பர் எங்கே அதைத் தொடுகிறது என்று மனதில் பதியுங்கள். இடது சக்கரத்துக்கும் இப்படியே: ரோட்டு ஓர வெள்ளைக் கோட்டின் மேல் இடது டயர் நிற்கும்போது, அந்தக் கோடு பானட்டை எந்த இடத்தில் வெட்டுகிறது? ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வோர் ஆளின் உயரத்துக்கும் இது மாறும். மச்சான் வண்டியில் பழகிவிட்டுச் சொந்த வண்டியில் உரசுவது இதனால்தான்.

சிக்னலுக்கு ஒரே விதி: முன்வண்டியின் பின்டயர் ரோட்டைத் தொடுகிற இடம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, அதிகமாக ஒட்டிவிட்டீர்கள்.

இதையெல்லாம் பத்து நாள் செய்தும் கேட் தூணை உரசினால், பென்சில் சோதனையும் தோற்றிருந்தால், அப்போது கண்ணைச் சந்தேகப்படலாம். அதற்கும் தீர்வு உண்டு. தலையை இரண்டு அங்குலம் இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். கிட்ட இருப்பது அதிகம் நகரும், எட்ட இருப்பது கொஞ்சம் நகரும். தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்கிற ஆந்தையும் இந்த வித்தையைத்தான் செய்கிறது. நான் ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கிற தலையாட்டத்தைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

“மிரர்ல எட்டத்துல இருந்தான், திரும்பினா பக்கத்துல நிக்கிறான்”

உங்கள் தப்பு இல்லை. நிறைய வண்டிகளில் வெளிப்பக்க மிரர் குவிந்த கண்ணாடி. அதிக இடம் காட்டுவதற்காக எல்லாவற்றையும் சிறிதாக்கும். சிறிதாகத் தெரிந்தால் மூளை ‘எட்டத்தில்’ என்று எழுதிக்கொள்ளும். வண்டிக்குள் நடுவில் இருக்கும் மிரர் தட்டையானது, அளவை மாற்றாது. ஆகவே யாராவது வருகிறார்களா என்பதற்கு வெளி மிரர்; எவ்வளவு தூரத்தில் வருகிறார்கள் என்பதற்கு உள் மிரர். இரண்டிலும் ஒரே வண்டியைப் பார்த்து ஒப்பிட்டுப் பழகினால் ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

“பகல்ல சரி. ராத்திரி ஆனா தூரமே பிடிபடல”

இதற்குத்தான் அதிகம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மேலே சொன்ன மரம், ரோட்டோரம், மலை எல்லாவற்றையும் இரவு அழித்துவிடுகிறது. மிஞ்சுவது வெளிச்சப் புள்ளிகள். இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்துத்தான் எதிர் வண்டியின் தூரத்தை மூளை ஊகிக்கிறது. ஊகம் தப்பாகப் போக நம் ரோடுகளில் வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. ஹெட்லைட் நெருக்கமாக உள்ள டிராக்டரும் குட்டியானை வண்டியும் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகத் தோன்றும். ஒரு விளக்கு செத்த லாரி, பைக் வேஷத்தில் வரும். எரிவது அதன் இடது விளக்காக இருந்தால், இருட்டில் மறைந்திருக்கும் மீதி உடம்பு முழுவதும் உங்கள் பக்கம்தான். ஆகவே ஒற்றை விளக்கைப் பார்த்தால் லாரி என்றே வைத்துக்கொண்டு இடது பக்கம் ஒதுங்குங்கள். பைக்காக இருந்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னும் மோசம், விளக்கே இல்லாமல் கரும்பு ஏற்றி நிற்கும் டிரெய்லர். டிம் அடித்த ஹெட்லைட்டில் தெளிவாகத் தெரிவது சுமார் 40 முதல் 60 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறீர்கள். பார்த்து, புரிந்து, காலை எடுத்து பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி என்றால் 33 மீட்டர் அதற்கே போய்விட்டது. காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிடித்தாலும் இன்னும் 38 மீட்டராவது ஆகும். மொத்தம் 70-க்கு மேல். கண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கணக்கு திருந்தாது. வேகத்தை 60-க்கு இறக்கினால் சுமார் 46 மீட்டரில் நிற்கும். ‘ராத்திரி ஜட்ஜ்மென்ட் வரல’ என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்கு நான் கொடுத்த மருந்து இந்த 20 கி.மீ. குறைப்புதான்.

அது செய்தும் சரியாகவில்லையா? பட்டியலில் அடுத்தது வண்டிக் கண்ணாடி. விண்ட்ஷீல்டின் உள்பக்கத்தை நீங்கள் கடைசியாகத் துடைத்தது எப்போது? வெளியே துடைக்கிற யாரும் உள்ளே துடைப்பதில்லை. அங்கே படிந்த எண்ணெய்ப் பசை எதிர் விளக்கை நட்சத்திரமாக விரிக்கும். விரிந்த விளக்குக்கு இடைவெளியும் இல்லை, தூரமும் இல்லை.

அதற்குப் பிறகே கண். இருட்டில் கண்மணி விரியும். பகலில் தெரியாமல் ஒளிந்திருந்த சின்ன சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாத குறை) அப்போது வெளிப்படும். சிலருக்கு இரவில் மட்டும் லேசான கிட்டப்பார்வை வரும். புரை தொடங்கியவர்களும் பகலில் சமாளித்துவிட்டு இரவில்தான் முதலில் தடுமாறுவார்கள். டாக்டரிடம் ‘கண் மங்கல்’ என்று மட்டும் சொல்லாமல் ‘இரவில் வண்டி ஓட்டும்போது’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். இரவில் போட மஞ்சள் கண்ணாடி விற்பார்கள். வாங்காதீர்கள். இருக்கிற வெளிச்சத்தையும் அது குறைக்கும்.

“ஓவர்டேக் எடுக்கும்போது எதிர் வண்டி தூரம் தெரியல”

தெரியாது. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, 30 வருடம் பஸ் ஓட்டியவருக்கும் தெரியாது. இது குறைபாடு இல்லை, மனிதக் கண்ணின் எல்லை.

கணக்கைப் பாருங்கள். இருவழிச் சாலை, முன்னால் லாரி 60-ல் போகிறது, நீங்கள் 80-ல் தாண்டுகிறீர்கள். பின்னால் விட்ட இடைவெளி, லாரியின் நீளம், முன்னால் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 50 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். அதற்கு ஒன்பது நொடி. அந்த ஒன்பது நொடியில் நீங்கள் 200 மீட்டர் போவீர்கள். எதிரே 80-ல் வருகிறவனும் 200 மீட்டர் வருவான். ஆக, கிளம்பும்போது 400 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். 400 மீட்டரில் ஒரு கார், நீட்டிய கையின் விரல்நுனியில் ஒட்டிய கடுகு அளவு. ஒரு நொடி கழித்து அது 44 மீட்டர் நெருங்கியிருக்கும். கடுகோ அரை மில்லிமீட்டர்கூடப் பெருத்திருக்காது. பெருப்பது கண்ணுக்கு உறைக்கும்போது கார் 200 மீட்டருக்குள் வந்துவிட்டிருக்கும். அப்போது நீங்கள் லாரியின் பக்கவாட்டில்.

இதில் இன்னொரு கண்கட்டு. பெரிய உருவம் மெதுவாக வருவதாகத் தோன்றும். ரயில்வே கேட் விபத்துகளை ஆராய்ந்த ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-ல் இதை எழுதினார். வருகிற ரயில் அசைந்து வருவதாகத் தோன்றும், அதற்குள் தாண்டிவிடலாம் என்று மனம் சொல்லும். நம் ஊர் ரோட்டில் அந்த வேஷத்தைப் போடுவது ஆம்னி பஸ்.

ஆகவே தூரத்தை ‘ஜட்ஜ்’ செய்ய முயலாதீர்கள். எதிரே ஒரு புள்ளி தெரிந்தால் அது வேகமாக வருகிறது என்றே வைத்துக்கொண்டு காத்திருங்கள். அது கடந்த பின் காலி ரோட்டைப் பார்த்து எடுங்கள். என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்று: பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து, தூரத்தில் ஒரு வண்டி தெரிந்ததும் அது எத்தனை நொடியில் நம்மைக் கடக்கும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, எண்ணிப் பார்ப்பது. முதல் நாள் பெரும்பாலும் எல்லாரும் அதிகமாகச் சொல்வார்கள். எண்ண எண்ணப் பயம் வரும். அந்தப் பயம் நல்லது.

முன்வண்டியோடு விட வேண்டிய இடைவெளிக்கும் மீட்டர் வேண்டாம், நொடி போதும். அது ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அங்கே போய்ச் சேர மூன்று நொடியாவது ஆக வேண்டும், மழையில் இன்னும் அதிகம். கண் சரியில்லாதவருக்கும் இது சரியாக வரும்.

“மத்தியானத்துல வேகத்தடையே தெரியல”

வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையை நாம் பார்ப்பது நிழலால். உச்சி வெயிலில் நிழல் கிடையாது. மேடும் தரையும் ஒரே கறுப்பு. காலையில் தெரிந்த தடை மதியம் தெரியாமல் போவது அதனால். முன்வண்டியின் பின்பக்கம் தூக்கிப் போடுகிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடம், கோயில், ஊர்ப் பெயர்ப் பலகை தெரிந்தால் தடை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் தண்ணீர் நின்ற பள்ளத்தின் ஆழம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பைக்கில் இருந்தால் சுற்றிப் போங்கள்.

“கண்ணாடி மாத்தினதுலேர்ந்து”, “ஆபரேஷனுக்கு அப்புறம்”

புதுக் கண்ணாடியில், முக்கியமாக சிலிண்டர் பவர் மாறியிருந்தால், தரை சரிந்து தெரியும், படி உயர்ந்து தெரியும். ஓரிரு வாரத்தில் மூளை பழகிவிடும். அது வரை தெருவுக்குள் ஓட்டுங்கள், பைபாஸ் வேண்டாம். பழகவே இல்லையென்றால் கண்ணாடி தப்பாகப் போட்டிருக்கலாம், திரும்பிப் போய்க் கேளுங்கள். புரோகிரசிவ் லென்ஸ் போட்டவர்கள் கவனிக்க வேண்டியது, ஓரத்தில் கலங்கும் என்பதை. மிரரைக் கண்ணை மட்டும் சுழற்றிப் பார்க்காமல் முகத்தையும் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

ஒரு கண்ணில் புரை எடுத்து, இன்னொன்று ‘ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்’ என்று விட்டவர்களின் சிக்கல் விசித்திரமானது. ஒரு கண்ணில் பளிச்சென்று வெளிச்சம், மற்றதில் மங்கல். மங்கிய கண்ணின் செய்தி மூளைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகும். அதனால் குறுக்கே போகிற பொருள் இருக்கிற இடத்தில் தெரியாது. இடது கண் மங்கலானவருக்கு, இடமிருந்து வலமாகக் குறுக்கே வரும் வண்டி உண்மையைவிடத் தள்ளி இருப்பதாகத் தோன்றும். வலமிருந்து வருவது நெருங்கியதாகத் தோன்றும். 1922-ல் இதை விளக்கிய கார்ல் புல்ஃபிரிச்சுக்கே ஒரு கண் தெரியாது. தான் விளக்கியதை அவரால் பார்க்க முடியவில்லை. நாற்சந்தியில் மட்டும் தடுமாறுகிறேன் என்று ஒரு பெரியவர் சொன்னால் நான் முதலில் கேட்பது புரையைப் பற்றித்தான். மருந்து, மீதிக் கண்ணையும் தள்ளிப்போடாமல் கவனிப்பது. அது வரை நெரிசல் சந்திப்பில் ஸ்டியரிங்கை மகனிடம் கொடுப்பது.

“பனியில எல்லாம் எட்டத்துல இருக்கு”

கொடைக்கானல், ஊட்டி, வால்பாறைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு. மங்கினால் தூரம் என்பது மூளையின் பாடம். பனி அதைக் கொண்டு ஏமாற்றும். முன்வண்டி இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். நம் வேகமும் குறைவாகத் தோன்றக்கூடும். ஸ்பீடோமீட்டரை நம்புங்கள், டிம் லைட்டில் போங்கள். பிரைட் அடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். மழை விட்ட தெளிந்த காற்றில் இதற்கு நேர் எதிர்: அடுத்த கொண்டை ஊசி கைக்கெட்டினாற்போல இருக்கும்.

“எனக்கு ஒரு கண்ணுதான். ஓட்டலாமா?”

எப்போதிலிருந்து ஒரு கண் என்பதைப் பொறுத்தது. பிறந்ததிலிருந்து அல்லது என்னைப் போலச் சின்ன வயதிலிருந்து என்றால், மூளை வேறு வழிகளைத் தானே கற்றுக்கொண்டிருக்கும். போன மாதம் பார்வை போனது என்றால் நிலைமை வேறு. காபி தம்ளருக்கு வெளியே ஊற்றுவார், படியில் தடுக்குவார். அது தீர மாதங்கள் ஆகும். டாக்டர் சரி என்னும் வரை சாவியைத் தொடக் கூடாது. ஆழத்தைவிடப் பெரிய இழப்பு பக்கப் பார்வை. இழந்த பக்கத்தில் ஒரு பைக் முழுதாக மறையும். தலையை முழுக்கத் திருப்பிப் பார்ப்பதைத் தனியாகப் பழக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? லைசென்ஸுக்கு நாம் கையெழுத்துப் போடும் படிவம் 1-ல் ஆழம் பற்றிய கேள்வியே கிடையாது. 25 மீட்டரில், நல்ல பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு கண்ணாலும் கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்றுதான் கேட்கிறது; கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே படிக்கலாம். ஐந்து வருடமாவது லைசென்ஸ் வைத்திருந்து அதன் பிறகு ஒரு கண்ணை இழந்தவர், சொந்த உபயோகக் காருக்கு விண்ணப்பித்தால், ஸ்டியரிங் பக்கம் வெளி மிரர் இருக்கும் நிலையில் ஒரு கண்ணால் படித்தால் போதும் என்றும் அதே கேள்விக்குள் இருக்கிறது. 40 வயது தாண்டியவர்களுக்கும் வாடகை, சரக்கு வண்டிக்காரர்களுக்கும் டாக்டர் கையெழுத்தோடு படிவம் 1ஏ வேண்டும்.

படிவம் 1-ஐ யாரும் படிப்பதில்லை, பேனாவைக் கேட்கிறார்கள். அதனால் நான் பேனா கொடுக்குமுன் ஸ்கூல் வாசலில் நிற்கும் வண்டியிலிருந்து 33 எட்டு நடக்கச் சொல்கிறேன். ஏறக்குறைய 25 மீட்டர் வரும். போன மாதம் ஒருவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நம்பரைக் கடகடவென்று படித்தார். கையை வலது கண்ணுக்கு மாற்றியதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: “எந்த வண்டி மாஸ்டர்?”